சீனாவில் சட்டம் எப்படி நடைமுறைக்கு வருகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன மக்கள் குடியரசின் பெருநிலப் பகுதியில் ஒரு சட்டம் ஏட்டிலிருந்து தெருவுக்கு வந்து சேரும் வழியைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஹாங்காங்கும் மக்காவ் நகரும் தனித்த சட்ட முறைகளைக் கொண்டவை என்பதால் அவை இதில் சேர்க்கப்படவில்லை.

சட்டத்தை இயற்றுவது யார்?

தேசிய மக்கள் பேரவையும் அதன் நிலைக்குழுவும் இயற்றுகின்றன. பேரவையில் ஏறத்தாழ 3,000 உறுப்பினர்கள் உள்ளனர். அது ஆண்டுக்கு ஒரு முறை, மார்ச் மாதத்தில் கூடுகிறது. ஆகவே பெரும்பாலான சட்டங்களை நிறைவேற்றுவது, பொதுவாக இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கூடும், ஏறக்குறைய 170 பேர் கொண்ட நிலைக்குழுதான். முக்கியமான சட்டங்களின் திசையைக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதால், வாக்கெடுப்பில் ஒரு மசோதா தோற்பது மிக அரிது. ஆனால் வாக்கெடுப்புக்கு முந்தைய கட்டத்தில் உண்மையான இழுபறி நடக்கிறது. சொத்துரிமைச் சட்டம் 2002-இல் முதல் வாசிப்புக்கு வந்து, கடும் கருத்து மோதலுக்குப் பிறகு 2007-இல்தான் நிறைவேறியது. தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் வரைவு 2006-இல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, ஒரே மாதத்தில் 1,90,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன.

நிறைவேறிய சட்டம் உள்ளூர் அலுவலகத்துக்கு எந்த வடிவில் போய்ச் சேர்கிறது?

சீனச் சட்டங்கள் பெரும்பாலும் பொதுப்படையான சொற்களில் எழுதப்படுபவை. அவற்றுக்கு உடல் கொடுப்பவை பின்னால் வரும் ஆவணங்களே. மத்திய அமைச்சரவையான அரசவை ஒழுங்குமுறைகளை வெளியிடுகிறது. அமைச்சகங்கள் விதிகளை வகுக்கின்றன. மாகாணங்களும், 2015 முதல் மாவட்டங்களைக் கொண்ட எல்லா நகரங்களும், தத்தம் எல்லைக்குள் உள்ளூர்ச் சட்டங்களை இயற்றுகின்றன. உச்ச மக்கள் நீதிமன்றம் ஒரு குறிப்பிட்ட வழக்கைத் தீர்க்காமலேயே, சட்டப் பிரிவுகளுக்கு எண்ணிட்ட விளக்க விதிகளை வெளியிடுகிறது. கீழ் நீதிமன்ற நீதிபதி தீர்ப்பு எழுதும்போது அந்த விளக்கங்களைச் சட்டத்துக்கு நிகராக மேற்கோள் காட்டுகிறார். இவற்றுக்கும் கீழே, உள்ளூர் அலுவலகங்களின் சுற்றறிக்கைகள் இருக்கின்றன. ஒரு வட்டார அலுவலகத்தின் முகப்புச் சாளரத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் நாள்தோறும் புரட்டுவது பேரவை நிறைவேற்றிய சட்டத்தை அன்று, அந்தச் சுற்றறிக்கையைத்தான்.

ஒரே சட்டம் ஓரிடத்தில் கண்டிப்பாகவும் வேறிடத்தில் தளர்வாகவும் இருப்பது ஏன்?

சீனச் சட்ட நடைமுறையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்க முடியும் என்றால், நான் இதையே தேர்ந்தெடுப்பேன். உள்ளூர் அலுவலர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்களுடைய பதவி உயர்வை மேல்நிலைக் கட்சி அமைப்பு, இலக்குகளை வைத்து மதிப்பிட்டு முடிவு செய்கிறது. வளர்ச்சி விகிதம், வரி வருவாய், சமூக அமைதி ஆகியவை நெடுங்காலமாக அந்த மதிப்பீட்டின் முதன்மைக் கூறுகளாக இருந்தன. ஒரு சட்டம் கேட்பதும் மதிப்பீடு கேட்பதும் ஒன்றாக இருந்தால் அந்தச் சட்டம் வியக்கத்தக்க வேகத்தில் நிறைவேறும். இரண்டும் எதிரெதிராக இருந்தால் சட்டம் கிடப்பில் கிடக்கும்.

சுற்றுச்சூழல் சட்டம் இதற்குத் தெளிவான சான்று. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1979 முதலே, முதலில் சோதனை வடிவில், நடப்பில் இருந்தது. ஆனால் மாசுபடுத்தும் தொழிற்சாலையே ஒரு வட்டத்தின் பெரிய வரி செலுத்துநராக இருந்தபோது, அதே வட்ட அரசிடம் சம்பளம் வாங்கும் ஆய்வாளர் அதன் வாயிற்கதவை மூட முடியவில்லை. 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், விதிமீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் அதிகாரத்தைக் கொடுத்தது. அதைவிடக் கூடுதலாக வேலை செய்தது, மாசுக் குறைப்பு அலுவலர்களின் மதிப்பீட்டில் ஏறியதும், மத்திய ஆய்வுக் குழுக்கள் மாகாணங்களுக்குப் போய் உள்ளூர்த் தலைவர்களையே நேரில் விசாரித்ததும்தான். பெய்ஜிங்கின் நுண்துகள் மாசு ஆண்டுச் சராசரி 2013-இல் கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராமாக இருந்தது. 2021-இல் அது 33-ஆகக் குறைந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆய்வுக் குழு வருகிறது என்றவுடன், விதிகளுக்கு உட்பட்டு நடந்த சிறு பட்டறைகளையும் சேர்த்து உள்ளூர் அரசுகள் மொத்தமாக மூடின. இப்படி மூடக் கூடாது என்று 2018-இல் சுற்றுச்சூழல் அமைச்சகமே அறிவுறுத்த வேண்டியதாயிற்று.

மக்களின் பழக்கத்தையே மாற்றிய சட்டம் என்று ஏதாவது உண்டா?

உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கிய 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகையது. சீனாவில் வணிக உறவும் அலுவலக உறவும் விருந்து மேசையில் வளர்பவை. மேலதிகாரி கிண்ணத்தை உயர்த்தும்போது மறுப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. 2011 மே 1 முதல், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தால், விபத்து எதுவும் நடக்காவிட்டாலும், ஒன்று முதல் ஆறு மாதம் வரை காவல் தண்டனை விதிக்கலாம் என்றானது. ஓட்டுநர் உரிமமும் பறிக்கப்படும். ஐந்து ஆண்டுகளுக்குப் புதிதாக விண்ணப்பிக்கவும் முடியாது. அரசு ஊழியராக இருந்தால் வேலை போய்விடும்; தண்டனைப் பதிவு குடும்பத்தில் மற்றவர்கள் அரசுப் பணிக்கோ இராணுவத்துக்கோ விண்ணப்பிக்கும்போதும் குறுக்கே நிற்கும்.

இந்தச் சட்டம் வேர்விட்டதற்குக் காரணம் தண்டனையின் கடுமை மட்டுமன்று. பிடிப்பது எளிது; ஊதச் சொன்னால் எண் தெரிந்துவிடும்; மருத்துவமனையில் எடுத்த இரத்தத்தின் அளவைப் பேச்சால் குறைக்க முடியாது. எந்த உள்ளூர் அரசுக்கும் இதனால் வருவாய் இழப்பு இல்லை. மக்களும் தமக்குத் தாமே ஒரு வழியைக் கண்டுகொண்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் எந்தச் சீன நகரத்தின் உணவக வாசலிலும் மாற்று ஓட்டுநர்கள் காத்திருப்பதைக் காணலாம். கைபேசிச் செயலியில் அழைத்தால் மடக்கு மின்மிதிவண்டியில் ஒருவர் வந்து, அதை மடித்து வாடிக்கையாளரின் காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு, அந்தக் காரை வீடுவரை ஓட்டிக் கொடுத்து, மீண்டும் தம் வண்டியை விரித்துக்கொண்டு அடுத்த அழைப்புக்குப் போகிறார். ஒரு சட்டம் இப்படியொரு தொழிலையே உருவாக்கிவிட்டது.

விளைவுகளில் கசப்பானதும் உண்டு. 2019 முதல் திருட்டைப் பின்தள்ளி, அதிகம் பேர் மீது வழக்குத் தொடரப்படும் குற்றமாக, குடித்துவிட்டு ஓட்டுவதையும் உள்ளடக்கிய ஆபத்தான ஓட்டுதல் ஆனது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேர் குற்றப் பதிவோடு வெளியே வந்தார்கள். ஒரு தவறுக்காகக் குடும்பமே பல ஆண்டுகள் விலை கொடுப்பது சரியா என்று சட்ட அறிஞர்கள் தொடர்ந்து கேட்டனர். 2023 டிசம்பர் இறுதியில் வந்த புதிய வழிகாட்டுதலின்படி, அளவு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, விபத்து போன்ற கடுமையான சூழல் எதுவும் இல்லாவிட்டால், குற்ற வழக்குத் தொடராமல் விடலாம்.

கட்டடத் தொழிலாளர்களின் கூலிப் பாக்கி ஏன் சட்டம் போட்டும் தீரவில்லை?

கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து வேலை செய்பவர்களின் எண்ணிக்கை சீனாவில் 30 கோடியை ஒட்டி இருக்கிறது. கட்டடத் துறையில் இவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் தராமல், செலவுக்கு மட்டும் கொஞ்சம் கொடுத்து, மீதியை வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டுக்கு முன் கணக்கு முடித்துத் தரும் வழக்கம் இருந்தது. கட்டடம் கட்டுவிக்கும் நிறுவனம் முதன்மை ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டும், அவர் துணை ஒப்பந்ததாரருக்கு, அவர் மேஸ்திரிக்கு, மேஸ்திரி தம் ஊர் ஆட்களுக்கு. மேலே எங்காவது பணம் நின்றுவிட்டால் கடைசியில் வெறுங்கையோடு ஊர் திரும்புபவர் தொழிலாளிதான். அவரிடம் எழுத்து ஒப்பந்தமும் இருக்காது. 2003-இல் பிரதமர் வென் ஜியாபாவ் சோங்சிங் பகுதிக் கிராமமொன்றுக்குச் சென்றபோது, ஒரு பெண்மணி தம் கணவருக்கு வர வேண்டிய 2,240 யுவான் கூலியைப் பற்றிச் சொன்னார். அன்றிரவே அந்தப் பணம் வந்து சேர்ந்தது. நாடு முழுவதும் பேசப்பட்ட அந்த நிகழ்வுக்குப் பிறகு கூலி வசூல் இயக்கங்கள் தொடங்கின. ஆனால் பிரதமர் வந்தால்தான் கூலி கிடைக்கும் என்றால் அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அதன்பின் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 2008-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம், வேலையில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் எழுத்து ஒப்பந்தம் செய்யாவிட்டால் அதன்பின் ஒவ்வொரு மாதமும் இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்றது. அதே ஆண்டு வந்த தகராறுத் தீர்வுச் சட்டம் தொழிலாளர் நடுவர் குழுவில் கட்டணம் இல்லை என்றது. ஆனால் முதலில் நடுவர் குழு, பிறகு நீதிமன்றம், பிறகு மேல்முறையீடு என்று போனால் ஓராண்டுக்கு மேலும் இழுக்கலாம், அதுவரை வேலையின்றி நகரத்தில் தங்க ஒரு கொத்தனாரால் முடியாது. 2011-இல் வேண்டுமென்றே கூலி தராமலிருப்பது குற்றமாக்கப்பட்டது.

எனக்குத் தெரிந்தவரை உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது 2020 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த கூலி உத்தரவாத ஒழுங்குமுறைதான். ஏனெனில் அது வழக்குக்குப் பிந்தைய தீர்வைத் தேடாமல் பணம் போகும் பாதையையே மாற்றியது. கூலிக்கென்று வங்கியில் தனிக் கணக்கு திறக்க வேண்டும். முதன்மை ஒப்பந்ததாரரே தொழிலாளியின் வங்கி அட்டையில் நேரடியாகச் செலுத்த வேண்டும். துணை ஒப்பந்ததாரர் ஏமாற்றினாலும் முதலில் முதன்மை ஒப்பந்ததாரரே ஈடுகட்ட வேண்டும். கட்டுமான இடத்தின் கண்ணில் படும் பகுதியில் ஒரு பலகை வைப்பதும் கட்டாயம். கட்டுவிக்கும் நிறுவனம், முதன்மை ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர் ஆகியோரின் பெயர், பொறுப்பாளரின் தொலைபேசி எண், அவ்வூரின் குறைந்தபட்சக் கூலி, சம்பள நாள், புகார் எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். யாரிடம் வேலை செய்கிறோம் என்பதே தெரியாமல் உழைத்தவருக்கு அந்தப் பலகை எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் 2021-க்குப் பின் வீட்டுமனை நிறுவனங்கள் சரிந்தபோது தனிக் கணக்குகளும் வற்றின. மேலே பணமே இல்லாதபோது எந்த விதியும் கூலியைக் கொண்டுவந்து தராது.

‘இயக்கம்’ நடத்திச் சட்டத்தை அமல்படுத்துவது என்றால் என்ன?

நாள்தோறும் சீராக அமல்படுத்துவதற்குப் பதிலாக, சில மாதங்கள் எல்லாத் துறைகளையும் ஒரே குறியில் முடுக்கிவிடும் முறை அது. 1983-இல் தொடங்கிய ‘கடுமையாக அடி’ இயக்கத்தில் விசாரணைக் காலம் குறைக்கப்பட்டு மரண தண்டனைகள் பெருகின. 2018 முதல் 2020 வரை குற்றக் கும்பல்களுக்கும் அவற்றைக் காத்த அலுவலர்களுக்கும் எதிராக நடந்த இயக்கம் முடிந்த பிறகு, 2022-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. ஆள் பற்றாக்குறை உள்ள நிர்வாகத்துக்கு இம்முறை வசதியானது. ஆனால் எண்ணிக்கை இலக்கோடு நடக்கும் வேட்டையில் குற்றமற்றவர்கள் சிக்குவது தவிர்க்க முடியாதது. ஹெபெய் மாகாணத்தில் நியே ஷூபின் என்ற இளைஞருக்கு 1995-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் குற்றமற்றவர் என்று உச்ச மக்கள் நீதிமன்றம் 2016 டிசம்பரில் அறிவித்தது. இடையில் அவருடைய தாயார் இருபது ஆண்டுகளுக்கு மேல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மரண தண்டனைகள் அனைத்தையும் உச்ச நீதிமன்றமே மீளாய்வு செய்ய வேண்டும் என்ற விதி 2007-இல் மீட்கப்பட்டது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

நீதிமன்றங்கள் சுதந்திரமானவையா?

அரசியல் சட்டம் நிர்வாகத்தின் தலையீடு கூடாது என்கிறது. கட்சியின் தலைமைக்கு வெளியே நீதிமன்றம் இயங்குவதாக அது சொல்லவில்லை. மத்தியிலிருந்து வட்டம் வரை ஒவ்வொரு நிலையிலும் கட்சியின் அரசியல்–சட்டக் குழு இருக்கிறது. காவல்துறை, வழக்குத்தொடுப்பு அமைப்பு, நீதிமன்றம் மூன்றையும் அது ஒருங்கிணைக்கிறது. கடினமான வழக்குகளை, விசாரித்த நீதிபதி தம் நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் அடங்கிய தீர்ப்புக் குழுவிடம் கொண்டுபோகிறார். சாதாரண கடன் வழக்கிலும் விபத்து வழக்கிலும் நீதிபதி சட்டப்படியே தீர்ப்பளிக்கிறார். வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை அத்தகையவைதான். அரசியல் சாயல் உள்ள வழக்குகளில் நிலைமை வேறு. 2015 ஜூலை 9 அன்று தொடங்கி, உரிமை வழக்குகளை நடத்திய நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்களும் செயற்பாட்டாளர்களும் பிடிக்கப்பட்டதும் விசாரிக்கப்பட்டதும் இன்றுவரை அந்தத் தொழிலை அச்சுறுத்துகின்றன. குற்ற வழக்குகளில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் தண்டனையில் முடிவது, விடுதலை என்பது வழக்குத் தொடுத்தவரின் தோல்வியாக மதிப்பிடப்படும் அமைப்பில் வியப்புக்குரியதன்று.

வெளிப்படைத்தன்மையிலும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. 2013-இல் தொடங்கிய தீர்ப்பு இணையதளத்தில் 2020-க்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் ஏற்றப்பட்டன. 2021-க்குப் பின் அது வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஆய்வாளர்களுக்கு மட்டுமல்லாமல், தம்முடைய வழக்கைப் போன்ற வழக்கில் என்ன முடிவானது என்று தேடும் எளியவருக்கும் இது இழப்பே.

தீர்ப்பு கிடைத்தும் பணம் வராவிட்டால்?

இது சீனாவின் பழைய நோய். கடனாளி சொத்தை வேறு பெயருக்கு மாற்றிவிடுவார். வேறு மாகாணத்தில் இருந்தால் அவ்வூர் நீதிமன்றம் ஒத்துழைக்காது. 2013 முதல், கட்ட வல்லமை இருந்தும் கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலை உச்ச நீதிமன்றம் வெளியிடுகிறது. பயணச்சீட்டு எல்லாமே அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அத்தகையவர் விமானத்திலோ அதிவேக ரயிலிலோ ஏற முடியாது. நட்சத்திர விடுதியில் தங்க முடியாது. அதிகக் கட்டணத் தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க முடியாது. பலர் ரயில்வே சாளரத்தில் மறுக்கப்பட்ட பிறகே கடனைக் கட்ட வருகிறார்கள். வங்கிக் கணக்குகளை நீதிமன்றம் இணையவழியிலேயே தேடி முடக்குகிறது. ஆனால் உண்மையிலேயே நொடித்துப்போனவரை இந்தப் பட்டியல் மேலும் முடக்குகிறது. தனிநபர் நொடிப்புச் சட்டத்தை 2021-இல் ஷென்ஜென் நகரம்தான் முதன்முதலில் தொடங்கியது.

குடும்ப விவகாரங்களில் சட்டம் எவ்வளவு தூரம் நுழைகிறது?

பிள்ளைகள் முதிய பெற்றோரை அடிக்கடி சென்று பார்க்க வேண்டும் என்ற பிரிவு 2013 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே வூஷி நகர நீதிமன்றம் ஒன்று, 77 வயதுத் தாயை இரண்டு மாதத்துக்கு ஒரு முறையேனும் மகள் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இத்தகைய பிரிவு அறிவுரையாகவே நிற்கும். 2016-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்படி நிற்க முடியாத ஒன்று. அதன்படி 72 மணி நேரத்திலும், அவசரமானால் 24 மணி நேரத்திலும் நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை குறித்து முடிவெடுக்க வேண்டும். தொடக்கத்தில் நீதிபதிகள் கேட்ட சான்றுகளைக் கொடுக்க முடியாமல் பல பெண்கள் திரும்பினர்; வன்முறை நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. மணவிலக்கில் நிலைமை இன்னும் கடினம். முதல் மனுவை நீதிபதிகள் பெரும்பாலும் நிராகரித்துவிடுகிறார்கள். இரு தரப்பும் இசைந்தாலும், 2021-இல் வந்த குடிமைச் சட்டத் தொகுப்பின்படி 30 நாள் காத்திருக்க வேண்டும். அடி வாங்கும் பெண்ணுக்கு அந்தக் காத்திருப்பு ஆபத்தானது; குடும்ப ஒற்றுமையின் பெயரால் இதை நியாயப்படுத்த இயலாது.

அரசுக்கு எதிராக ஒருவர் வழக்குப் போட முடியுமா?

முடியும். 1990 முதல் நிர்வாக வழக்குச் சட்டம் நடப்பில் உள்ளது. முன்பு நீதிமன்றங்கள் மனுவை வாங்கவே மறுத்தன. 2015 மே மாதம் முதல், ஆவணங்கள் சரியாக இருந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும், அலுவலகத் தலைவரோ துணைத் தலைவரோ நீதிமன்றத்தில் நேரில் நிற்கவும் வேண்டும். எனினும் பலர் வழக்கைவிட மனு அலுவலகத்தையே நம்புகிறார்கள். மேலிடத்தில் ஒரு நல்லவர் பார்த்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பேரரசுக் காலத்திலிருந்து வருவது. தலைநகருக்கு மனுவோடு போனவர்களின் எண்ணிக்கையை வைத்து உள்ளூர் அலுவலர்களைத் தரப்படுத்தியதால், அவர்கள் குறையைத் தீர்ப்பதைவிட மனுதாரரை வழியில் மடக்கித் திருப்பி அனுப்புவதில் முனைந்தார்கள். 2013-இல் அந்தத் தரவரிசை கைவிடப்பட்டது.

மக்களின் குரல் ஒரு விதியை மாற்றியது உண்டா?

2003 மார்ச்சில், 27 வயதான சுன் ஜிகாங் என்ற வடிவமைப்பாளர், தற்காலிகக் குடியிருப்பு அட்டை கையில் இல்லை என்பதற்காகக் குவாங்சோவில் பிடிக்கப்பட்டு, காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். செய்தித்தாள் அதை வெளிக்கொணர்ந்தது. சட்ட அறிஞர்கள் மூவர், அட்டை இல்லாதவர்களைப் பிடித்து வைக்க இடம் தந்த விதியே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நிலைக்குழுவுக்கு எழுதினர். நிலைக்குழு பதில் சொல்லும் முன்பே, அரசவை ஜூன் மாதத்தில் அந்த விதியை நீக்கியது. சீன நீதிமன்றங்களுக்குச் சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே இப்படிப்பட்ட கடிதங்களே அங்கே வழி.

வணிகத்துக்கோ படிப்புக்கோ செல்லும் நம்மவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

மருத்துவம் படிக்கவும், யீவு, குவாங்சோ சந்தைகளில் சரக்கெடுக்கவும் தமிழர்கள் பலர் போகிறார்கள். விடுதியில் தங்கினால் விடுதியே காவல்துறையில் பதிவு செய்துவிடும். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே பதிய வேண்டும். மாணவர் அனுமதியில் இருப்பவர் ஒப்புதலின்றி வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் உண்டு. கடுமையானால் 15 நாள் வரை காவலும் உண்டு. வணிகர்கள் ஒப்பந்தத்தில் எதிர்த் தரப்பு நிறுவனத்தின் வட்ட வடிவ முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்தைவிட அதற்கே மதிப்பு அதிகம். 2011-இன் இறுதியில், முதலாளி பாக்கி வைத்துத் தலைமறைவானதால், அவரிடம் பணிபுரிந்த இந்தியர் இருவரை யீவு விற்பனையாளர்கள் பிடித்து வைத்துக்கொண்டனர். அவ்வாறு பிடித்து வைப்பது சீனச் சட்டப்படியும் குற்றமே. ஆனால் முடியாத உரிமையியல் வழக்கு இருந்தால், நாட்டைவிட்டு வெளியேற நீதிமன்றம் சட்டப்படியே தடை விதிக்கலாம். தடை இருப்பது பலருக்கு விமான நிலையக் குடிவரவுச் சாளரத்தில்தான் தெரியவருகிறது. ஆகவே தகராறு தொடங்கியவுடனே, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்திக்கொள்வது அவசியம்.